பரங்கிக்கு ஊற்றிய தண்ணீரை இலுப்பைக்கும் ஊற்றினேன்

காலை ஏழரை மணிக்கு வருகைப் பதிவேட்டைத் திறந்து, ஏழுமலை அண்ணன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டேன். வரவில்லை என்று அர்த்தம். தாமதமாக வருகிற ஆள் இல்லை அவர். தன் ஊரான தோணிரேவிலிருந்து முதல் ஷேர் ஆட்டோவில் ஏறி, எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து குழாயைத் திறந்திருப்பார். அன்று குழாய் மூடியிருந்தது. எட்டு மணிக்கு மேலாளர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே அறையை விட்டு வெளியே வந்தார். "ஏழுமலை போயிட்டாராம்மா. பல்லு விளக்கிக்கினு இருந்தவரு அப்படியே உக்காந்துட்டாராம்" என்றார். "சரி சார்" என்றேன். பிறகு மேசையில் எழுத வேண்டியிருந்த பெயர் அட்டைகளை எடுத்து எழுதத் தொடங்கினேன். வேம்பு, புங்கன், வேம்பு, புங்கன். முப்பது அட்டைக்கு மேல் எழுதியிருப்பேன். ஒன்றிலும் பிழை இல்லை.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் நாற்றுப்பண்ணை. ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறது. ஏரிக்கரை ஊர்களின் குளக்கரையிலும் பள்ளிக்கூட ஓரத்திலும் நடுவதற்கு இங்கே மரக்கன்று வளர்க்கிறோம். நான் பதிவேடு எழுதுகிறவள். அவர் கன்றுகளைப் பார்த்துக்கொண்டவர். பதினாறாம் நாள் பண்ணையில் ஒரு கூட்டம் வைக்கிறோம், அதில் படிக்க அவரைப் பற்றி எழுதுங்கள் என்று மேலாளர் என்னிடம் சொன்னார். ஏழுமலை அண்ணனைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் இதைக் கேட்க வந்திருப்பீர்கள். உங்களில் சிலருக்கு இதில் ஒரு விஷயம் புதிதாக இருக்கும்.

செய்தி வந்த அன்று மதியம் தோணிரேவுக்குப் போனேன். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். அந்தப் பெட்டியின் மோட்டார் சிறிது நேரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அது எத்தனை முறை நின்றது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் மனைவி கஸ்தூரி அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார், பார்வையைத் திருப்பிக்கொண்டார். யாரோ பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள். குடித்தேன். சர்க்கரை அதிகம் என்று தோன்றியது. என்னைச் சுற்றிலும் அழுகைச் சத்தம். எனக்குக் கண்ணீர் வரவில்லை. சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனார்கள். பேருந்து ஏறி வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

நான் இந்தப் பண்ணையில் சேர்ந்தது ஓர் ஆடி மாதம். லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்ட வருடம் அது. மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். "ஒரு வருஷம் பாப்போம். சரியா வந்தா வச்சுக்கறோம்" என்று சொல்லித்தான் மேலாளர் என்னைச் சேர்த்தார். செடி கொடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பன்னிரண்டாவது வரை படித்திருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும். அவ்வளவுதான். ஏழுமலை அண்ணன் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் மாமன் வீட்டில் தங்கி, தெலுங்கில் ஐந்தாவது வரை படித்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. நான் எழுதி வைத்த அட்டையைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இது இன்னாமா, புங்கனா? பாக்க அழகா கீது" என்றார். அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு எந்த அட்டை எந்தப் பாத்திக்கு என்பதை என்னிடம் கேட்டு வைப்பதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

அவர் ஏரிக்காரர். அவருடைய நைனாவும் அண்ணன்மார்களும் ஏரியில் வலை போட்டவர்கள். முகத்துவாரம் தூர்ந்து, மீன் குறைந்துபோன வருடங்களில், முட்டி வலியும் சேர்ந்துகொள்ள, கரைக்கு வந்துவிட்டார். பண்ணையின் கிழக்கு மூலையில் மழைத் தண்ணீர் தேங்கிக் காயும் ஒரு துண்டு நிலம் வீணாகக் கிடந்தது. அதில் பரங்கி போட்டிருந்தார். மரக்கன்று வளர்க்கிற இடத்தில் பரங்கி எதற்கு என்று மேலாளர் கேட்டதற்கு, "சாம்பாருக்குத்தான் சார்" என்றார். எங்கள் மதியச் சாப்பாடு பண்ணையிலேயே சமைப்பது. மேலாளரும் அதைத்தான் சாப்பிடுவார். பரங்கி தப்பித்தது.

நான் சேர்ந்த வாரம்தான் இலுப்பைப் பழம் உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு கோயில் தோப்பிலிருந்து இரண்டு கோணி நிறைய விதை கொண்டுவந்தார்கள். அதை அன்றைக்கே போட வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக நின்றார். அவர் இடுப்பு மடிப்பில் ஒரு பிளாஸ்டிக் பையில் போன வருடத்துப் பரங்கி விதை எப்போதும் இருக்கும். அது ஒரு வருடம் ஆனாலும் கெடாது. இலுப்பை விதை இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து செத்துவிடும், மண்ணுக்குள் போனால்தான் பிழைக்கும் என்றார். அறுநூறு நாற்றுப் பைகளில் இலுப்பை போட்டோம். அதே நாள் சாயங்காலம் மூலையில் குழி எடுத்து, மக்கின சாணம் போட்டு, ஊறவைத்த பரங்கி விதையையும் ஊன்றினார்.

ஐந்தாம் நாள் பரங்கி மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. இரண்டு வாரத்தில் கொடி ஓடத் தொடங்கியது. இலுப்பைப் பைகளில் வெறும் மண். பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ, எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பையில் விரலை விட்டுத் தோண்டி விதையை எடுத்துவிட்டேன். அடியில் வெள்ளையாக ஒரு வேர், என் விரல் நீளத்துக்கு. மேலே இலையும் இல்லை, முளையும் இல்லை. பின்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். "உயிரோட கீதான்னு தோண்டித் தோண்டிப் பாத்தா செத்துத்தான் போவும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விதையை வாங்கி, வேர் மடங்காமல் மறுபடி புதைத்தார். "அது மொதல்ல கீழ போவும். அப்பால தான் மேல வரும். பரங்கிக்கு அந்தப் பொறுமை கிடையாது. நாலு மாசத்துல அது வேலைய முடிச்சிட்டுப் போவணும் இல்ல?"

பரங்கிக்கு அவர் செய்த பணிவிடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பூ விடும் நாட்களில் காலை ஆறு மணிக்கே வந்துவிடுவார். வண்டு வராத நாளில் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவுக்குள் மெல்லத் தடவுவார். பெண் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் காய் இருக்கும். அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். வெயில் ஏறிவிட்டால் பூ மூடிக்கொள்ளும், அதற்குள் முடிக்க வேண்டும். ஒரு நாள் என்னையும் செய்யச் சொன்னார். நான் கூச்சப்பட்டேன். "இன்னாமா வெக்கம்? கல்யாணம் தானே பண்ணி வைக்கிறோம்" என்றார். காய் பெருத்ததும் மண்ணில் படாமல் அடியில் காய்ந்த ஓலையைச் செருகி வைப்பார். காம்பு காய்ந்து கட்டையானால்தான் அறுப்பார். அறுத்த பிறகு கொடி மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். அதைச் சுருட்டி எருக்குழியில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வார். கொடி போனதற்கு அவர் வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை.

இலுப்பைக்கு அவர் செய்ததெல்லாம் செய்யாமல் இருந்ததுதான். பையின் மண்ணைத் தொட்டுப் பார்ப்பார்; பேசாமல் நகர்ந்துவிடுவார். நிழல் வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவார். வேர் பையைப் பொத்துக்கொண்டு தரைக்குள் இறங்காமல், மாதம் ஒரு தடவை பைகளை இடம் மாற்றி அடுக்குவார். ஒரு நாள் சொன்னார்: "பரங்கி பசிச்சா சொல்லிடும்மா. எல தொங்கிடும். மத்தியானம் தொங்கினா வெயிலு, சாயங்காலமும் தொங்கினா தாகம். இலுப்பை எதுவும் சொல்லாது. இன்னிக்கு நீ தப்பு பண்ணா மூணு வாரம் கழிச்சுத்தான் காட்டும். அதுக்குள்ள நீ பண்ணதே மறந்து போயிருப்ப."

சித்திரைக் கடைசியில் சூளூர்பேட்டையில் இருந்த அவருடைய அக்கா இறந்துபோனார். காரியம் முடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பன்னிரண்டு நாள் விடுப்பில் போனார். கிளம்பும்போது என்னை நிறுத்திச் சொன்னார்: "புதுசா போட்ட பரங்கிக்குத் தெனமும் காலையில வேரோரமா தண்ணி. மூணு நாளைக்கு ஒருவாட்டி சாணிக் கரைசல். இலுப்பைக்கு ஒண்ணும் பண்ணாத. மண்ணு காஞ்சு கெடந்தா ஒரு டம்ளர். அவ்ளோதான்." தலையாட்டினேன்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. இலுப்பைப் பைகளின் மேல்மண் பத்து மணிக்கே வெளுத்துப் போய்விடும். அதைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. என் ஒரு வருடக் கெடு முடிய இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் இருந்தது. நான் சும்மா உட்கார்ந்திருப்பதை மேலாளர் பார்த்துவிடக் கூடாது என்கிற பயமும் இருந்தது. காலையில் பரங்கிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதே குழாயை இழுத்து இலுப்பைக்கும் பிடித்தேன். சாயங்காலமும் பிடித்தேன். பரங்கிக்குக் கரைத்த சாணியில் மீதி இருந்ததை அவற்றுக்கும் ஊற்றினேன். பச்சைச் சாணி. பன்னிரண்டு நாளில் நான்கு தடவை. "நல்லா பாத்துக்கறீங்கம்மா" என்று மேலாளர் ஒரு நாள் சொன்னார். அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

அண்ணன் திரும்பி வந்தபோது கன்றுகள் பச்சையாகத்தான் இருந்தன. இரண்டு வாரம் கழித்து இலைகள் ஓரத்தில் மஞ்சளாயின. பிறகு பழுப்பாயின. ஒரு வரிசை, இரண்டு வரிசை என்று எல்லாம் சாய்ந்தன. மழைக்கு முன்னால் பல ஊர்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த கன்றுகள். நிறுவனத்திலிருந்து ஒரு பெரியவர் காரில் வந்து இறங்கினார். அவர், மேலாளர், அண்ணன், நான் என்று நான்கு பேர் பாத்தி ஓரத்தில் நின்றோம். பெரியவர் நேராகக் கேட்டார், "என்ன ஆச்சு?"

ஏழுமலை அண்ணன் ஒரு பையைக் கிழித்துக் கன்றை வெளியே எடுத்தார். வேர் கறுத்து, சேறு போலக் குழைந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரு வினாடிதான். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. "நான்தான் சார்" என்றார். "ஊருலேர்ந்து வந்ததும் வெயிலு ஜாஸ்தியா கீதுன்னு தண்ணி உட்டேன். சாணியும் ஊத்திட்டேன். தப்பு பண்ட்டேன்."

"இத்தன வருஷம் பாத்தவரு நீங்க, இது தெரியாதா?" என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

"தெரியும் சார். புத்தி மழுங்கிப்போச்சு."

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று நினைத்தேன். என் கணவரின் கட்டிலும் மகளின் பள்ளிச் சீருடையும் நினைவுக்கு வந்தன. அதற்குள் அவர்கள் நடந்து அறைக்குப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலமே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போகும்போது பரங்கிப் பாத்தியைக் காட்டி, "காய் மண்ணுல படாம பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

ஆறு மாதம் அவர் மறுபடி ஏரிக்குப் போனார். தோணியும் வலையும் அவரிடம் அப்போது இல்லை. முட்டித் தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அந்த வேலைக்குப் போனார். இது எனக்குப் பிறர் சொல்லித் தெரியும். நான் போய்ப் பார்த்தது ஒரு தடவைதான். அவர் போட்டுவிட்டுப் போன பரங்கி காய்த்திருந்தது. இரண்டு காயைப் பையில் போட்டுக்கொண்டு தோணிரேவுக்குப் போனேன். அவர் வீட்டில் இல்லை. கஸ்தூரி அண்ணி கதவருகே நின்று பையை வாங்கிக்கொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை. காயை எடுத்து வைத்துவிட்டு, பையை மடித்து என் கையில் கொடுத்தார். நான் பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன்.

அந்த ஆடியில் என் வேலை நிரந்தரமானது. புதிதாக வைத்த ஆளிடம் கன்றுகள் நிற்கவில்லை. கார்த்திகையில் மேலாளரே தோணிரேவுக்குப் போய் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்த முதல் நாள் அவர் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கணுக்காலைச் சுற்றிச் சேற்றுப்புண் ஆறிய தழும்புகள். பக்கத்தில் போய், "அண்ணா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"விடும்மா" என்றார்.

"இல்லண்ணா, நான் போய் சார் கிட்ட சொல்லிடறேன்."

"சொல்லி? இப்ப நீ சொன்னா நான் அன்னிக்குச் சொன்னது பொய்யாயிடும். ரெண்டு பேருக்கும் வேலை போவும். விடு. போய் அட்டைய எழுது."

போய் எழுதினேன். அதற்குப் பிறகு பத்து வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அவர் ஒரு தடவைகூட, வேடிக்கையாகக்கூட, அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் முன்னால் அதைச் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது. பழகிப்போனதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

அந்த வருடங்களில் அவர் கொண்டுவந்த ஒரு வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் ஊர்களுக்குக் கன்று கொடுத்துவிட்டு வருவோம். அடுத்த வருடம் போனால் வெறும் குழிதான் இருக்கும். பேரன் காலத்தில் பூக்கப்போகிற மரத்தை யார் போய்ப் பார்ப்பார்கள்? ஆடு மேய்ந்துவிடும். ஒரு ஊரில் கன்றுகளை இறக்கும்போது அண்ணன் மடியிலிருந்த பையை அவிழ்த்து, ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு பரங்கி விதை கொடுத்தார். இலுப்பைக் குழியிலிருந்து நாலடி தள்ளி அதை ஊன்றச் சொன்னார். நாலடி முக்கியம், பரங்கியின் தண்ணீர் இலுப்பைக்கு வரக் கூடாது. "பரங்கிக்குன்னா தெனமும் வருவாங்கம்மா. பூ வந்துச்சா, காய் புடிச்சிச்சான்னு பாக்க வருவாங்க. வந்தவங்க கண்ணுக்கு இலுப்பை வேலி சாஞ்சி கெடக்கறது தெரியும். நிமுத்தி வச்சிட்டுப் போவாங்க. அது போதும்" என்றார். அந்த ஊர்க் குளக்கரையில் வைத்த கன்றுகளில் பாதிக்கு மேல் நின்றுவிட்டன. போன மாசியில் அங்கே போனோம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தன. அவர் மரத்தைத் தொடவில்லை. வேலிக் கம்பை அசைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே இது தேவையில்ல, அவுத்துடலாம்" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். என் கணவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. மகள் ஆவடியில் வேலைக்குப் போகிறாள். இனிமேல் என் வேலை போனாலும் சோறு உண்டு. அந்தத் தைரியம் வந்த பிறகுதான் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வருகிறது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் மேடையில் படிப்பதற்கு முன்னால் கஸ்தூரி அண்ணியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முந்தாநாள் தோணிரேவுக்குப் போனேன்.

அண்ணி வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பாயை எடுத்துப் போட்டார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முறத்தை நிறுத்தவில்லை. நான் முடித்ததும், "தெரியும்" என்றார்.

"எப்பலேர்ந்து அண்ணி?"

"அன்னிக்குச் சாயங்காலமே சொல்ட்டாரு. 'அந்தப் பொண்ணு புதுசு, ஊட்டுக்காரன் படுத்துக் கெடக்கறான், அவளுக்கு வேலை போனா நடுத்தெருவுல நிப்பா'ன்னாரு. நமக்கு இன்னா வழின்னு கேட்டேன். ஏரி கீதுன்னாரு."

அவர் கல் ஒன்றைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார்.

"ஏரியில அவரு புடிச்சது வாரத்துல ரெண்டு நாளைக்குக்கூடப் பத்தல. முட்டி வலின்னு படுத்துக்குவாரு. அந்த ஆறு மாசமும் மீன் கூடைய தலையில வச்சிக்கினு பொன்னேரி வரைக்கும் போனது நானு. அவரு உன்னை மன்னிச்சாரு. மன்னிக்கறது அவருக்கு சுளுவா இருந்திச்சு. என்னை யாரும் கேக்கல. அவரும் கேக்கல."

"அண்ணி, நான்..."

"மன்னிப்புலாம் கேக்காத. எனக்கு அது வேணாம். எழுதப்போறேன்னு சொன்ன இல்ல? எழுது. எழுதறதுன்னா இதையும் சேத்து எழுது. அவரப் பத்தி மட்டும் நல்லவருன்னு எழுதிட்டுப் போயிடாத."

எழுதிவிட்டேன் அண்ணி. நீங்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். மேலாளருக்கும் நேற்றே படித்துக் காட்டிவிட்டேன். படியுங்கள் என்றார்.

ஏழுமலை அண்ணனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று கேட்டால், இந்த வேலைதான். என் கணவருக்கு மருந்து வாங்கியதும் மகளைப் படிக்கவைத்ததும் இதில்தான். இத்தனை நாளாக அதை அவர் கொடுத்தது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கொடுத்ததுதான். கஸ்தூரி அண்ணியிடமிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். நாளைக் காலை பண்ணைக்குப் போவேன், பதிவேட்டைத் திறப்பேன். அழுகை இன்னும் வரவில்லை.